பாதாள நகரத்துப் பாஷை

ஜம்புநாதன் அழுத விதம் கனகாம்பிகைக்குப் பிடிக்கவில்லை.

அழுகை வந்தவன் லேஞ்சியைத் தேடுவான். இந்த மனிதர் முதலில் லேஞ்சியை எடுத்தார். அந்தக் கைக்குட்டையை மடிப்பு மடிப்பாக விரித்தார். இடது கண்ணின் ஓரத்தில் பதமாக வைத்துக்கொண்டார். அதன் பிறகுதான் அழத் தொடங்கினார்.

"பாலேந்திரா எனக்கு ஒரு தம்பி மாதிரி, தங்கச்சி. நோர்பரியிலை என்ரை கடையிலைதான் வேலை. கடைக்குக் கீழை நெருப்புப் பிடிச்சு, கூட இருந்த ஒருத்தன் செத்துப்போனான். அதோடை இவனுக்கு மனம் குழம்பிட்டுது. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போயிட்டான். தாய் ஊரிலை கிடந்து துடிக்கிறா."

"பொலிசுக்குச் சொன்னனீங்களோ?"

"ஐயோ, அதைமட்டும் செய்யாதேங்கோ. அவன்ரை அகதிக் கேஸ் முடியேல்லை. கண்டுபிடிச்சா நேரை என்னட்டைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. வேறை ஒருத்தரும் அவனோடை கதைக்க வேண்டாம்."

வேறு ஒருத்தரும் கதைக்க வேண்டாம். கனகாம்பிகை அந்த வசனத்தை மனதுக்குள் தனியாக எடுத்து வைத்தாள். லண்டன் கோர்ட்டுகளில் வருஷக்கணக்கில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக நின்றவள் அவள். பொய்யர்களின் பொய்களை நல்ல ஆங்கிலத்தில் ஒப்புவித்து ஒப்புவித்துச் சலித்துப்போய், ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு நகைக்கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் திறந்தாள். பொய்யர்கள் படியேறி அங்கேயும் வந்தார்கள்.

"அவன் எங்கை எண்டு ஏதும் கேள்விப்பட்டனீங்களோ?"

"பேர்மொன்சியிலை, ரெயில் பாலத்துக்குக் கீழை, வெள்ளைக்காரர் ஒரு பாதாள நகரம் கட்டி வைச்சிருக்கினம். அங்கை சுவருக்குப் பெயின்ற் அடிக்கிறான் எண்டு ஆரோ சொல்லிச்சினம். போன ஞாயிறு மருமேனோடை போய்ப் பார்த்தன். அப்பிடி ஒருத்தரும் இல்லை எண்டிட்டாங்கள்." லேஞ்சி திரும்பவும் மடிப்புக் குலையாமல் சட்டைப்பைக்குள் போனது. "உங்களாலை ஏலும் எண்டு எல்லாரும் சொல்லுகினம்."

அவர் படியிறங்கிய சத்தம் ஓய்ந்ததும், கதவில் சாய்ந்து நின்ற கஸ்பர் வாயைத் திறந்தான். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கன், மினிகாப் ஓட்டிக்கொண்டிருந்தவன். பயணிகளோடு வாய் காட்டியே வேலையைத் தொலைத்து, அந்த வாயோடு கனகாம்பிகையிடம் உதவியாளனாக வந்து சேர்ந்தவன்.

"அக்கா, உவர் கோயில் தலைவராம். திருவிழாவிலை சாமிக்கு முன்னாலையும் உந்த லேஞ்சியோடைதான் நிப்பார். சாமி பாவம், எழும்பி ஓடவும் ஏலாது."

"காரை எடும், கஸ்பர்."

*

'ஹாலோமியர்: சூரியன் இல்லாத நகரம்' என்று வாசலில் பெரிய எழுத்தில் இருந்தது. நவம்பர் மாதத்து லண்டனில், பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வரும் ஊரில், சூரியன் இல்லாத இடத்தைப் பார்க்கச் சனம் வரிசையில் நின்றது.

"பூமிக்குக் கீழை போறதுக்கு டிக்கெட்டோ?" என்றான் கஸ்பர். "எங்கடை சனம் பங்கருக்குள்ளை சும்மா இருந்ததுகள். பார்த்து நடத்தியிருந்தால் நாங்களும் ஒரு பிஸ்னஸ் செய்திருக்கலாம்."

வளைந்து வளைந்து இறங்கிய இரும்புப் படிகளின் அடியில் நகரம் தொடங்கியது. பழைய வைன் கிடங்கு ஒன்றுக்குள் விக்டோரியா காலத்துத் தெரு. கல் பாவிய தரை. காஸ் விளக்குப் போல நடுங்கும்படி செய்த மின்சாரப் பல்புகள். குதிரை இல்லாத ஒரு குதிரை ட்ராம். வானம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புப் பாறை. பாறையில் நட்சத்திரங்களுக்குப் பதிலாகப் பச்சையாக மினுங்கும் புழுக்கள். தெரு முடிவில் ஒரு கரிய கடல், அதாவது தார் பூசிய தொட்டி. மேலே ரெயில் ஓடும்போதெல்லாம் முழு நகரமும் அதிர்ந்தது.

"அது ரெயில் அல்ல! பாறைக்குள் உறங்கும் மிருகம் புரண்டு படுக்கிறது!"

உயரத் தொப்பியும் மேயர் சங்கிலியும் போட்ட ஒரு மனிதர் கைத்தடியால் வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். இந்த இடத்தின் சொந்தக்காரர் ஓர்ம்ஸ்பி. நகரத்தின் மேயர் வேடமும் அவரே. அவரைச் சுற்றி முப்பது பேர் வரையில் வாய் பிளந்து நின்றார்கள்.

ஓர்ம்ஸ்பி கதை சொன்னார். மகாராணி விக்டோரியாவின் காலத்தில், ஒரு மூடுபனி இரவில், ஹாலோமியர் என்ற முழு நகரமும், மணிக்கூண்டோடும் மாதா கோயிலோடும், பூமிக்குள் இழுக்கப்பட்டுவிட்டது. இழுத்தவர்கள் ஆழத்து அரசர்கள். அவர்கள் முகமூடி அணிந்தவர்கள், மனிதர்களுக்கு விளங்காத ஆதி மொழி ஒன்றில் எழுதுகிறவர்கள். நகரத்துச் சனமோ கீழே வந்தும் தொப்பியைக் கழற்றவில்லை. மாலைத் தேநீரை நிறுத்தவில்லை. இல்லாத வானிலையைப் பற்றி ஒருவரோடொருவர் முறைப்பட்டுக்கொண்டார்கள்.

"இங்கே யாரும் சாவதும் இல்லை!" என்று முடித்தார் ஓர்ம்ஸ்பி. சனம் பெருமூச்சு விட்டது.

"நகரத்தைப் புதைக்கிறதுக்கு எதுக்கு அக்கா ராட்சதர்?" கஸ்பர் காதுக்குள் சொன்னான். "கவுன்சிலிட்டைக் குடுத்திருந்தால் அவங்களே புதைச்சிருப்பாங்கள்."

கனகாம்பிகை சிரிக்கவில்லை. நிஜமாகவே நகரங்களை இழந்த சனத்தின் கதைகளை அவள் கோர்ட்டில் மொழிபெயர்த்தவள். அப்போது நீதிபதி கடிகாரத்தைப் பார்ப்பார். இங்கே ஒரு பொய் நகரம் மண்ணுக்குள் தாண்டு போனதற்கு ஒரு சீமாட்டி கண்ணைக் கசக்குகிறாள். சனத்தின் இரக்கம் எப்போதும் விலாசம் தவறித்தான் போகும்போல இருக்கிறது.

கூட்டம் தெருவுக்குள் பிரிந்து போனதும் அவள் ஓர்ம்ஸ்பியிடம் பாலேந்திராவின் படத்தை நீட்டினாள். அவர் படத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய சேலையைப் பார்த்தார்.

"இந்தியாவில் எந்தப் பகுதி நீங்கள்?"

"ஈஸ்ட் ஹாம். இந்த ஆள் உங்களிடம் வேலை செய்கிறாரா?"

"அன்பான அம்மணி, இங்கே இருப்பவர்கள் எல்லாரும் பயிற்சி பெற்ற கலைஞர்கள்." அவர் தடியைச் சுவர்ப் பக்கம் வீசிக் காட்டினார். கரிய சுவரில் வெள்ளிப் பூச்சில் சுழி சுழியாக எழுத்துகள் ஓடின. "ஆழத்து மொழியையே பாருங்கள். ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் ஒருவர் எங்களுக்காகவே உருவாக்கியது. இலக்கணம் கூட இருக்கிறது. உங்களைப் போன்றவர்களுக்கு இது விளங்குவது கொஞ்சம் கஷ்டம்."

"கஷ்டம்தான்," என்றாள் கனகாம்பிகை.

அவர் அடுத்த கூட்டத்தை வரவேற்கப் போய்விட்டார். அவள் சுவரின் அருகே போய் நின்றாள். பேராசிரியர்களை அவளுக்குத் தெரியும். ஆதி மொழி என்றால் கத்தி, பாம்பு, பிறை என்று கீறுவார்கள். இந்த எழுத்துகளின் தலையில் புள்ளிகள் இருந்தன. இடைக்கிடை, ஒழுங்காக, எழுத்துக்கு மேலே வட்டமாக ஒரு புள்ளி. எந்த ராட்சதன் இவ்வளவு அக்கறையாகப் புள்ளி வைப்பான்?

அவள் கைப்பையைத் திறந்து பவுடர் டப்பாவை எடுத்தாள்.

"இப்ப எதுக்கக்கா மேக்கப்? மேயரைப் பிடிச்சுப் போச்சோ?"

"வாயை மூடிக்கொண்டு இதுக்குள்ளை பாரும்."

டப்பாவின் சின்னக் கண்ணாடியை அவள் சுவருக்கு எதிரே பிடித்தாள். கஸ்பர் அவளுடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். வலமும் இடமும் மாறின. ஆழத்து அரசர்களின் ஆதி மொழி கண்ணாடிக்குள் நல்ல யாழ்ப்பாணத் தமிழாக நிமிர்ந்து நின்றது.

'ஓர்ம்ஸ்பி ஒரு விசரன். இண்டைக்கும் தொப்பியோடைதான் கக்கூசுக்குப் போனவன்.'

கஸ்பர் வாயைப் பொத்திக்கொண்டு ட்ராம் வண்டிக்குப் பின்னால் ஓடினான்.

அதன் பிறகு அவர்கள் அந்த நகரத்தைக் கண்ணாடிக்குள்தான் பார்த்தார்கள். அரசர்களின் சாப எழுத்து என்று பலகை மாட்டியிருந்த இடத்தில், 'கூரை ஒழுகுது, வாளி வைக்கவும்.' பாதாளக் கோயிலின் வளைவில், 'இந்தத் தூண் அட்டை. சாயாதேங்கோ.' விளக்கு எண்ணெய் விற்கும் விதவையின் கடைக்கு மேலே, 'மோரீன் நல்ல மனுசி. தேத்தண்ணி தருவா.' அந்தக் கடைக்குள் கறுப்பு உடுப்போடு நின்ற ஐரிஷ்காரி இவர்களை உற்றுப் பார்த்துவிட்டு, சட்டென்று விளக்குத் துடைக்கத் தொடங்கினாள்.

"எழுதினவன் இவன்தான்," என்றான் கஸ்பர். "ஆனால் இது எப்ப எழுதினதோ? ஆள் போயிருப்பான்."

தெரு முடிவில், கரிய கடலின் ஓரத்தில் இருந்த சுவரில் வெள்ளிப் பூச்சு இன்னும் பளபளப்பாக இருந்தது. கனகாம்பிகை கண்ணாடியை மெல்ல நகர்த்தினாள்.

'ஜம்புநாதன் மருமேனோடை வந்தான். லேஞ்சியாலை மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைத் தேடினான். நான் அவனுக்கு முன்னாலைதான் நிண்டனான்.'

கஸ்பரின் சிரிப்பு நின்றது.

"போன ஞாயிறுதானே அந்தாள் வந்தது?"

"ஓம். அப்ப ஆள் இஞ்சைதான் இருக்கிறான். முகமும் தெரியாமல், குரலும் கேளாமல், நடையும் தெரியாமல், ஜம்புநாதனுக்கு முன்னாலை நிக்கிறதெண்டால் எங்கை நிப்பான்?"

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். கடற்கரைக்கு எதிரே, நகரத்துச் சனம் அரசர்களோடு உடன்படிக்கை செய்ததாகச் சொல்லும் ஒப்பந்த மண்டபம். அதற்குள் ஆழத்து அரசர்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். ஆளுயரம், கால் வரை கறுப்பு அங்கி, வௌவால் முகமூடி. எல்லாம் பிளாஸ்டர் பொம்மைகள். அவற்றில் ஒன்று மட்டும் உயிர் என்றும், அது எது என்று தெரியாமல் கிட்டப் போகிறவரின் மணிக்கட்டைப் பிடித்துவிடும் என்றும் வாசலில் எச்சரிக்கை இருந்தது. சனத்துக்கு அதுதான் பெரிய விளையாட்டு.

"ஒவ்வொண்டாய்க் கிச்சுக் கிச்சு மூட்டிப் பாக்கட்டோ?" என்றான் கஸ்பர்.

"தேவையில்லை. தமிழனைப் பேச வைக்கிறதுக்கு வேறை வழி இருக்கு."

அவள் மண்டபத்தின் நடுவில் போய் நின்றாள். வழக்கமான அலட்சியத்தைக் குரலில் இன்னும் கொஞ்சம் கூட்டி, சத்தமாகத் தமிழில் சொன்னாள்:

"சுவரிலை உதை எழுதினவன் பள்ளிக்கூடப் பக்கம் போயிருக்க மாட்டான், கஸ்பர். 'விசரன்' எண்டதுக்குப் பெரிய 'ற' போட்டு வைச்சிருக்கிறான்."

"எங்கை போட்டனான்?" இடப்பக்கத்து மூன்றாவது அரசர் வெடித்தார். "சின்ன 'ர'தான் போட்டனான்! போய் வடிவாய்ப் பாருங்கோ!"

அரசர் தாமதமாக வாயில் கை வைத்தார். முகமூடிக்கு மேலேதான் வைக்க முடிந்தது.

*

மோரீன் தன் எண்ணெய்க் கடைக்குப் பின்னால் அவர்களை இருத்தினாள். முகமூடிக்கு உள்ளே இருந்தவன் இருபத்தாறு, இருபத்தேழு வயதுப் பெடியன். தாடி வளர்ந்து, கண்கள் குழிந்திருந்தன. படத்தில் இருந்த கன்னம் காணாமல் போயிருந்தது.

"ஜம்புநாதன் அனுப்பினவரோ?" என்றான் பாலேந்திரா.

"ஓம்," என்றாள் கனகாம்பிகை. பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "உம்மடை அம்மா துடிக்கிறா எண்டார்."

"அம்மா செத்து ஐஞ்சு வருசம்."



பாலேந்திரா சொன்னான். கடைக்குக் கீழே இருந்த கிடங்கில்தான் அவனும் செபஸ்தியாம்பிள்ளையும் படுத்தார்கள். செபஸ்தியாம்பிள்ளை மன்னார்க்காரர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். பெட்டிகள் குறைகின்றன என்று ஜம்புநாதனுக்குச் சந்தேகம். ஆகவே இரவில் கடையைப் பூட்டும்போது கிடங்குக் கதவையும் வெளியில் பூட்டித் திறப்பைக் கொண்டுபோய்விடுவார். நெருப்பு வந்த அன்று, பழைய நிலக்கரி இறக்குகிற துவாரம் ஒன்றின் வழியாகப் பாலேந்திரா ஏறிவிட்டான். செபஸ்தியாம்பிள்ளை பெரிய உடம்பு. துவாரத்துக்குள் தோள் கொள்ளவில்லை.

"கையைப் பிடிச்சு இழுத்தனான். 'விடும் தம்பி, நீர் போய்க் கதவைத் திறப்பியும்' எண்டார். நான் சுத்தி ஓடினன். அப்பதான் ஜம்புநாதன் காரிலை வந்து இறங்கினார். சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளுக்கை இருந்து கதவிலை அடிக்கிற சத்தம். அந்தாள் றோட்டைப் பார்த்துக்கொண்டு நிண்டார். சத்தம் நிண்டாப்பிறகுதான் திறந்தார். பூட்டைக் கழட்டிப் பொக்கற்றுக்குள்ளை வைச்சுக்கொண்டார். அதுக்குப் பிறகுதான் ஃபயர் பிரிகேட் வந்தது."

"நீர் கண்டதை அவர் கண்டவரோ?"

"கண்டவர். அண்டைக்கே என்னைக் கொண்டுபோய் மோர்டனிலை ஒரு வீட்டிலை வைச்சார். கனடாவுக்கு அனுப்புறன் எண்டார். கூட வாறதுக்கு எண்டு வந்த ரெண்டு பேரின்ரை மூஞ்சியைப் பார்த்தன். அவங்கள் என்னைக் கனடா மட்டும் கொண்டு போகமாட்டாங்கள் எண்டு விளங்கிச்சுது. பாய்ஞ்சிட்டன்." அவன் மோரீனைப் பார்த்தான். "செபஸ்தியாம்பிள்ளை அண்ணைக்கு மெழுகுதிரி கொளுத்தக் கோயிலுக்குப் போனன். அங்கைதான் இந்த மனுசி கண்டவ. பேச்சும் விளங்காமல் கூட்டிக்கொண்டு வந்து மேயரிட்டை வேலை கேட்டவ. எங்கடை எழுத்தைத் திருப்பி எழுதச் சொன்னது அந்த மேயர்தான். அப்பதான் ஒருத்தருக்கும் அடையாளம் தெரியாதாம்."

"ஒக்ஸ்போர்ட் பேராசிரியர்," என்றாள் கனகாம்பிகை.

"வாற கிழமை மரண விசாரணை அக்கா. கதவு திறந்துதான் இருந்தது எண்டு ஜம்புநாதன் சொல்லப்போறார். செபஸ்தியாம்பிள்ளை வெறியிலை படுத்திருந்து எழும்பேல்லை எண்டு அவரின்ரை மனுசிக்கே எழுதிப்போட்டார். அந்த மனுசன் ஒரு துளி குடியாதவர்."

கஸ்பர் கடை வாசலுக்குப் போய் நின்றான். பிறகு அவன் குரல் வித்தியாசமாகக் கேட்டது:

"அக்கா. எங்கடை கிளையன்ட் வாறார்."

படிகளின் அடியில் ஜம்புநாதன் நின்றார். பக்கத்தில் தோளும் தொப்பையுமாக மருமகன். லேஞ்சி மூக்கில். ஈஸ்ட் ஹாமிலிருந்தே பின்னால் வந்திருக்கிறார்கள். மோப்ப நாயை அவிழ்த்துவிட்டு வேட்டைக்காரன் பின்னால் வருவதுபோல. கனகாம்பிகைக்கு முகம் சுட்டது. உலகத்திலுள்ள எல்லாரையும் ஏளனமாகப் பார்க்கிற அவளையே ஒருவன் சங்கிலியில் கட்டி நடத்தியிருக்கிறான். அன்றைய ஏளனத்தில் ஒரு பங்கை அவள் தனக்கே எடுத்துக்கொண்டாள்.

"வேறை வழி இருக்கோ?"

"இல்லை," என்றான் பாலேந்திரா. "அந்தப் படிதான்."

"அப்ப சனத்துக்கு நடுவிலை வாரும். ஒளிக்கவேண்டாம்."

ஒப்பந்த மண்டபத்தில் ஓர்ம்ஸ்பியின் கூட்டம் நிறைந்திருந்தது. முகமூடியைக் கையில் பிடித்தபடி பாலேந்திரா நடுவில் போய் நின்றான். அரசருக்குள்ளிருந்து மனிதன் வந்துவிட்டான் என்று சனம் ஆவலோடு வட்டம் கட்டியது. ஜம்புநாதன் வட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். மருமகன் வாசலை அடைத்தான்.

ஜம்புநாதன் சுற்றி நின்ற வெள்ளை முகங்களை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையைக் கனகாம்பிகை கவனித்தாள். மாட்டுப் பட்டிக்குள் நிற்கிறவன் பார்க்கிற பார்வை. இதுகளுக்கு என்ன விளங்கும்?

அவர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாலேந்திராவின் தோளில் கை போட்டார். மேலே ஒரு நீண்ட ரெயில் வரத் தொடங்கியது. மண்டபம் அதிர, ரெயிலுக்கு மேலால் கேட்கும்படி குரலை உயர்த்தித் தமிழில் பேசினார்.

"வா தம்பி, வீட்டை போவம். என்ன நடந்துபோச்சு இப்ப?"

கனகாம்பிகை கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். கைகளை முன்னால் கோத்துக்கொண்டாள். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு விதி உண்டு: 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது. பேசுகிறவனின் 'நான்' அவளுடைய வாயிலும் 'நான்' ஆகவே வரவேண்டும். அவள் தெளிவான ஆங்கிலத்தில், ஒரு மூச்சுப் பின்னால், சொல்லத் தொடங்கினாள்.

"கதவைப் பூட்டினது களவு போகாமல் இருக்கத்தான். அது கொலையே?" என்றார் ஜம்புநாதன்.

"நான் கதவைப் பூட்டியது களவு போகாமல் இருக்கத்தான்," என்றாள் அவள் ஆங்கிலத்தில். "அது கொலையா?"

முன்வரிசைக் குழந்தை ஒன்று கை தட்டியது.

"அவன் அடிச்ச சத்தம் எனக்கும் கேட்டதுதான். திறந்தால் நெருப்புக் கடைக்கு மேலை ஏறியிருக்கும். முழுச் சாமானும் போயிருக்கும். நீ சின்னப் பெடியன், உனக்கு விளங்காது."

அவள் அதையும் சொன்னாள். தட்டிய கை நின்றது. தாயொருத்தி குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஒண்டும் காணேல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. செபஸ்தியாம்பிள்ளை போனவன் போனதுதான். பிறகெண்டாலும் நான் திறந்தனான்தானே?"

ரெயில் கடந்து போயிற்று. அதிர்வு அடங்கிய அந்த அமைதியில், தன் முதுகுக்குப் பின்னால், ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் முடிப்பது ஜம்புநாதனுக்குக் கேட்டது:

"செபஸ்தியாம்பிள்ளை போனது போனதுதான். பிறகென்றாலும் நான் திறந்தேன்தானே?"

அவர் மெல்லத் திரும்பினார். லேஞ்சி கையில் இருந்தது. முகத்துக்குக் கொண்டுபோக மறந்துவிட்டார்.

"நாடகம்," என்றார் ஆங்கிலத்தில், எல்லாரையும் பார்த்துச் சிரிக்க முயன்றபடி. "இதெல்லாம் நாடகம்."

"பிரமாதம்!" என்று பின்வரிசையிலிருந்து ஓர்ம்ஸ்பி கத்தினார். "ஒவ்வொரு நாளும் செய்யலாம்!"

ஒருவரும் கை தட்டவில்லை. குரோய்டனிலிருந்து வந்த வயதான பஸ் சாரதி ஒருவர், மனைவியின் கையை விட்டுவிட்டு, பாலேந்திராவின் முன்னால் வந்தார். அவன் முகத்தை நிறைய நேரம் பார்த்தார்.

"மகனே, இது நாடகமா?"

பாலேந்திராவுக்கு ஆங்கிலம் அதிகம் வராது. கனகாம்பிகை உதவிக்கு வாயைத் திறக்கவில்லை. இந்தச் சொல்லை அவனே சொல்லவேண்டும்.

"நோ சார்," என்றான் அவன். "மை ஃப்ரெண்ட்."

பஸ் சாரதி தலையை ஆட்டிவிட்டு, ஜம்புநாதனுக்கும் வாசலுக்கும் இடையில் போய் நின்றுகொண்டார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் வந்து நின்றார். கடைக்குள்ளிருந்து மோரீன் பொலிசுக்கு ஃபோன் பண்ணும் குரல் கேட்டது. வாசலை அடைத்துக்கொண்டு நின்ற மருமகனைக் காணவில்லை. மாமனாரை விட்டுவிட்டு அவன் படியேறியதை ஒருவரும் காணவில்லை. அந்தப் பெரிய உடம்பு அவ்வளவு சத்தமில்லாமல் நடக்கும் என்று யாருக்குத் தெரியும்!

*

மரண விசாரணையில் பாலேந்திரா சொன்னதை வேறொரு மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார். கனகாம்பிகை சாட்சி வரிசையில் இருந்தபடியால் அந்த வேலை அவளுக்கு இல்லை. பஸ் சாரதியும் மனைவியும் வந்திருந்தார்கள். விசாரணை முடிந்ததும் பொலிசார் ஜம்புநாதனைப் பக்கக் கதவால் கூட்டிக்கொண்டு போனார்கள். கோயில் கமிட்டி அன்று மாலையே கூடி, அவரைத் தங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று முடிவெடுத்தது. ஓர்ம்ஸ்பி ஒரு பத்திரிகைக்காரனிடம், ஆழத்து மொழியின் தனித்தன்மையைத் தான் முதல் நாளே உணர்ந்ததாகச் சொன்னார்.

அன்று பிற்பகல் அலுவலகத்துக்குத் திரும்பியதும் கஸ்பர் கோட்டைக் கழற்றாமலே ஃபோனுக்கு முன்னால் இருந்தான். கொழும்பு, கொட்டாஞ்சேனை. ஒரு மாதா கோயில் காரியாலயத்து நம்பர். செபஸ்தியாம்பிள்ளையின் மனைவி மெற்றில்டா மன்னாரை விட்டு இடம்பெயர்ந்து கொழும்பில் இருந்தாள்; அங்கே வந்து காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

"நான் கதைக்கட்டோ?" என்றாள் கனகாம்பிகை.

"இல்லை அக்கா. ஊர்க்காரன் சொல்லுறதுதான் நல்லம்."

இணைப்புக் கிடைத்தது. கஸ்பர் எழுந்து நின்றான்.

"அக்கா, நான் லண்டனிலை இருந்து கஸ்பர். அண்ணை குடிக்கேல்லை அக்கா. கோர்ட்டிலை சொல்லியாச்சு. கதவை வெளியிலை பூட்டினது. அவர் முழிச்சிருந்தவர். கூட இருந்த தம்பியை முதல் வெளியிலை போகச் சொன்னவர். குடிக்கேல்லை."

மறுமுனையில் அந்தப் பெண் பேசினாள். குரல் சின்னதாக இருந்தாலும் அறை முழுக்கக் கேட்டது.

"பிள்ளையள் வெளியிலை நிக்கினம். கூப்பிடுறன். அதை அப்பிடியே அவையளுக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ."

கஸ்பர் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டு காத்து நின்றான்.